செல்வரும் செல்வரும்: இங்கிலாந்துக் கிராமங்களில் அண்டை வீட்டாரின் தகுதிப் போட்டி

8 பிப்ரவரி 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் போன்ற கிராமப் பகுதிகளில் ஒரு சிறிய கல்வீடுகூடச் சாதாரணச் சம்பளக்காரர் வாங்க முடியாத விலைக்குப் போய்விட்டது. அங்கே குடியிருப்போர் பெரும்பாலும் செல்வர்கள். அப்படியிருக்க, அந்தக் கிராமங்களில் வர்க்கப் போட்டி நடக்கிறது என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்? வர்க்கம் என்பது இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் இடைப்பட்ட விஷயம். பணக்காரனும் பணக்காரனும் வேலி மரத்துக்காக வழக்காடுவதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

8 பிப்ரவரி, இரவு

நான் மேற்கு இங்கிலாந்தில் ஒரு சிறிய கிராமத்தின் பாரிஷ் கவுன்சிலில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். நம் ஊராட்சி மன்றத்தைவிட அதிகாரம் குறைந்த அமைப்பு அது. இடுகாடு, விளையாட்டுத் திடல், பேருந்து நிழற்குடை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். கட்டட அனுமதி கேட்டு மாவட்டக் கவுன்சிலுக்குப் போகும் விண்ணப்பங்களின் மீது, வழக்கமாக 21 நாட்களுக்குள், தன் கருத்தைச் சொல்லும். முடிவு எடுப்பது மாவட்டம்தான். ஆயினும் அந்த ஒரு பக்கக் கருத்தைத் தம் பக்கம் திருப்புவதற்காகச் செல்வர்கள் ஒருவருக்கெதிராக ஒருவர் எழுதும் கடிதங்களைப் படித்துக் கோப்பில் சேர்ப்பவள் என்ற முறையில், அதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கடிதங்களில் வௌவால் இருக்கும், கூரை ஓட்டின் நிறம் இருக்கும், இரவில் வானத்தை மறைக்கும் வெளிச்சம் இருக்கும். இவை யாவும் சட்டம் ஏற்கும் காரணங்கள். "இந்த மனிதர் எங்களைச் சேர்ந்தவர் அல்லர்" என்பது சட்டம் ஏற்காத காரணம். ஆகையால் அது எங்கும் எழுதப்படுவதில்லை. எழுதப்பட்ட காரணங்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், எழுதப்படாத அந்த ஒன்று தெளிவாகத் தெரியும்.

12 பிப்ரவரி

எங்கள் ஊரில் எல்லோரும் செல்வர்கள் என்று ஒருமையில் சொல்லிவிட முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரிய வீட்டுக் குடும்பம் பல தலைமுறைகளாக இருப்பது. நிலம் உண்டு, கையில் ரொக்கம் குறைவு, கூரை ஒழுகுகிறது. பழைய போதகர் இல்லத்தில் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்துத் திருச்சபை இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய பெரிய இல்லங்களை விற்றுவிட்டுப் போதகர்களைச் சிறிய வீடுகளுக்கு மாற்றியது. இன்று "பழைய போதகர் இல்லம்" என்ற பெயர்ப்பலகை உள்ள வீடு வசதி படைத்தோர் மிகவும் விரும்பும் முகவரிகளில் ஒன்று. மூன்றாமவர் லண்டன் நிதித்துறையில் பொருளீட்டி, பழைய தானியக் களஞ்சியம் ஒன்றை வாங்கிக் கண்ணாடிச் சுவர்களுடன் வீடாக மாற்றியவர். இம்மூவரில் கையில் அதிகப் பணம் உள்ளவர் மூன்றாமவர். ஊரில் மிகக் குறைவாக மதிக்கப்படுபவரும் அவரே.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், களஞ்சிய வீட்டாரை மிகக் கடுமையாக எதிர்ப்பது பெரிய வீட்டுக் குடும்பம் அன்று. போதகர் இல்லத்து வழக்கறிஞர்தான் எதிர்க்கிறார். அவரும் ஒரு காலத்தில் லண்டனிலிருந்து வந்தவர்தாம். பெரிய வீட்டுப் பெரியவருக்குத் தம் இடம் பற்றிய ஐயம் எதுவும் கிடையாது. முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டையுடன் கூட்டத்துக்கு வருவார், அமைதியாக உட்கார்ந்திருப்பார். தம் இடத்தைத் தாமே சம்பாதித்துக்கொண்டவருக்குத்தான் அடுத்து வருகிறவரைப் பார்த்து அச்சம் உண்டாகிறது.

16 பிப்ரவரி

இது லண்டன் பங்குச்சந்தைப் பணத்தோடு வந்த புதிய நோய் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாடகம் நடந்தபோது, உள்ளே வந்த புதுப்பணம் நம் ஊர்ப் பணம். சோழமண்டலக் கரையில் திரட்டியது.

நாம் அன்றாடம் உச்சரிக்கும் பாக் நீரிணைக்குப் பெயர் தந்த ராபர்ட் பாக், டெவன் மாவட்டத்தில் ஆஷ்பர்ட்டன் என்ற சிற்றூரின் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கடலூர்ப் புனித டேவிட் கோட்டைக்கு மதகுருவாக வந்து, கிழக்கிந்தியக் கும்பெனி நிர்வாகத்தில் நுழைந்து, 1754இல் சதுரங்கப்பட்டினத்தில் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த பேச்சுவார்த்தையில் ஆங்கிலத் தரப்பில் அமர்ந்து, 1763 முதல் 1767 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர். பெரும் பொருளோடு ஊர் திரும்பியவர் எக்ஸெட்டர் நகருக்கு அருகில் ஹால்டன் மாளிகையை வாங்கினார், நாடாளுமன்ற உறுப்பினரானார், 1782இல் பேரனட் என்ற பரம்பரைப் பட்டமும் பெற்றார்.

ஹால்டன் குன்றுகளுக்குக் கிழக்கே, சில மைல் தொலைவில், எக்ஸ் ஆற்றின் கரையில் பௌடரம் கோட்டை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கோர்ட்னி குடும்பம் அங்கே இருந்துவருகிறது. 1770களின் தொடக்கத்தில் விக்கவுண்ட் என்ற பிரபுப் பட்டமுடைய அக்குடும்பத் தலைவர் தம் நிலத்தின் மேட்டில் முக்கோண வடிவில், மூலைக்கொரு சிறு கோபுரத்துடன் ஒரு காட்சி மாடம் கட்டினார். 1788இல் ராபர்ட் பாக் தம் குன்றின் உச்சியில் கட்டிய மாடமும் முக்கோண வடிவம்தான். அதற்கும் மூலைக்கொரு சிறு கோபுரம். திருச்சிராப்பள்ளியைச் சுற்றிப் பிரெஞ்சுப் படைகளோடு போரிட்ட ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் நினைவாக அவர் அதை எழுப்பினார். லாரன்ஸ் அவருடைய உயிர் நண்பர், மணம் செய்துகொள்ளாதவர், தம் செல்வத்தைப் பாக்கின் பிள்ளைகளுக்கே எழுதிவைத்தவர், அருகிலுள்ள டன்சிடயாக் கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். மாடத்தின் உள்ளே ரோமானிய வீரனின் உடையில் அவருடைய சிலை நிற்கிறது.

17 பிப்ரவரி

கோர்ட்னியோடு போட்டியிடவே பாக் தம் மாடத்தைக் கட்டினார் என்று நான் குறிப்பாக உணர்த்தியதற்கு ஆவணம் உண்டா என்று கேட்கிறீர்கள். ஆவணம் காட்டி நான் சொல்லவில்லை. இரண்டு கட்டடங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது என் மனத்தில் எழுந்த எண்ணம் அது. முக்கோண மாடம் அக்காலத்தில் வேறு இடங்களிலும் கட்டப்பட்டதுதான். நண்பர் மீதுள்ள அன்பு அந்த மாடத்தைக் கட்டத் தூண்டியது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்பை வெளிப்படுத்த அவர் தேர்ந்தெடுத்த இடம், பல மைல் சுற்றளவுக்குக் கண்ணில் படும் உச்சி. இரண்டும் ஒரே மனிதருக்குள் சேர்ந்திருக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

அதன்பின் நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. பழங்குடி என்ற பெருமை போதாதென்று, கோர்ட்னிகள் 1831இல் டெவன் ஏர்ல் என்ற பழைய பட்டம் தமக்கே உரியது என்று பிரபுக்கள் சபையில் வாதாடி நிலைநாட்டினார்கள். பாக்கின் வழியினர் டார்க்கி நகரத்தையும் அதன் துறைமுகத்தையும் வளர்த்தெடுத்தார்கள். 1880இல் ஹால்டன் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கடன் அவர்களை விழுங்கியது. 1920களில் மாளிகையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. லாரன்ஸின் மாடம் மட்டும் முழுமையாக நிற்கிறது. பௌடரத்தில் கோர்ட்னிகள் இன்றும் இருக்கிறார்கள்.

23 பிப்ரவரி

ஆற்காடு நவாபின் நாடான கர்நாடகத்திலிருந்து (இன்றைய தமிழகப் பகுதி) போன பணத்தைப் பற்றி இன்னொன்று. ஹார்ட்ஃபோர்ட்ஷர் மாவட்டத்தின் உட்ஹால் பார்க் மாளிகையை 1777 வாக்கில் கட்டியவர் தாமஸ் ரம்போல்ட். அடுத்த ஆண்டே சென்னைக்குக் கவர்னராக வந்தார். அவர் இறந்த பிறகு அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்டு. ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்து, அக்கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூர் நிலவரியின் மீதே உரிமை கோரிய மனிதர் இவர்தாம். 1776இல் சென்னை கவர்னர் பிகட் தம் சொந்த ஆலோசனைக் குழுவாலேயே சிறைபிடிக்கப்பட்டதற்கு அந்த உரிமைச் சிக்கல் முக்கியக் காரணம். பென்ஃபீல்டும் நொடித்துப் போனார். மாளிகை ஒரு வங்கிக் குடும்பத்துக்குப் போயிற்று. அவர் 1810இல் பாரிஸில் வறியவராக இறந்தார்.

தஞ்சை உழவன் அறுத்துக் கொடுத்த நெல்லின் ஒரு பகுதி, ஆங்கிலேயப் பெருமகன் ஒருவனின் மதிப்பைப் பெறுவதற்காகச் செதுக்கிய கல்லாக மாறியிருக்கிறது. இந்த மாளிகைகளின் தோட்டங்களில் நடக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. இழந்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் கிடையாது.

காட்ஸ்வோல்ட்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: அங்குள்ள டேல்ஸ்ஃபோர்டு மாளிகையின் கதை கொஞ்சம் வேறு. வாரன் ஹேஸ்டிங்ஸின் முன்னோர் அந்த நிலத்தை இழந்திருந்தார்கள். அவர் வங்காளத்துப் பணத்தைக் கொண்டு 1788இல் அதைத் திரும்ப வாங்கினார். அவர் மீதான நாடாளுமன்ற விசாரணை தொடங்கியதும் அதே ஆண்டுதான். பழங்குடியும் புதுப்பணமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. டேல்ஸ்ஃபோர்டில் அவருக்காகக் கட்டிய சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல், பிறகு அருகிலேயே தம் சகோதரருக்காக முகலாயக் குவிமாடத்துடன் செசின்கோட் மாளிகையை வடிவமைத்தார். இந்தியாவில் பொருள் திரட்டித் திரும்பிய ‘நபாபுகள்’ எனப்பட்ட ஆங்கிலேயரில் பெரும்பாலோர் கிழக்கை மறைத்துக் கிரேக்கத் தூண்களை நட்ட காலத்தில், பணம் வந்த வழியைக் கூரையிலேயே காட்டிய வீடு அது.

2 மார்ச்

போட்டி எந்த இடத்தில் நடந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். மாளிகைகளுக்கு வெளியே அதன் களம் தேவாலயமும் ஊர்ச் சபையும். தேவாலயத்தில் பெரிய வீட்டுக் குடும்பத்துக்குக் கதவு வைத்த தனி இருக்கை. சில இடங்களில் அதற்குள்ளேயே குளிர்காயும் அடுப்பு. யார் எந்த வரிசையில் அமர்வது என்பதைப் பார்த்தே ஊரின் வரிசை தெரிந்துவிடும்.

ஊர்ச் சபையான வெஸ்ட்ரியில் 1818ஆம் ஆண்டுச் சட்டப்படி வாக்கு சொத்துக்குத் தக்கபடி பெருகியது. ஐம்பது பவுண்டுக்குக் குறைந்த வரிமதிப்புள்ள சொத்துக்கு ஒரு வாக்கு. அதற்கு மேல் இருபத்தைந்து பவுண்டுக்கு ஒன்றாகக் கூடி, ஒருவருக்கு ஆறு வாக்குகள் வரை. பண்ணையாரும் பெரிய குத்தகைதாரரும் தமக்குள் பேசிக்கொண்டாலே ஊரின் முடிவு முடிந்துவிடும். 1894ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பறித்துப் பாரிஷ் கவுன்சில்களை உருவாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த முதல் தேர்தலில் பெண்களும் நின்றார்கள். உழவுத் தொழிலாளரும் நின்றார்கள். என் வேலைக்கு அடிப்படையான சட்டம் என்பதால் இதைச் சற்றுப் பெருமையோடு எழுதுகிறேன்.

அதே 1894இல் நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் இறப்பு வரியைக் கொண்டுவந்தார். பத்து லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 8 சதவீதம். அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள நியூனம் கோர்ட்னி என்ற ஊரின் மாளிகைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1904இல் அந்த மாளிகை எதிர்பாராமல் அவருக்கே வாரிசாக வந்தது. தாம் கொண்டுவந்த வரி தம் தலையிலேயே விழுந்தது. அவ்வாண்டே அவர் இறந்துபோனார்.

3 மார்ச்

வேலி மரத்துக்கென்று ஒரு சட்டமே இருப்பது உண்மையா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. உண்மைதான். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பகுதி 2005 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்த பசுமை மாறா மரவேலி அண்டை வீட்டாரின் வெளிச்சத்தைத் தடுத்தால் உள்ளூர்க் கவுன்சிலிடம் முறையிடலாம். முறையிடுபவர் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வேண்டும். மரம் பெரும்பாலும் லேலண்டி. 1888இல் வேல்ஸ் எல்லையில் லெய்டன் ஹால் தோட்டத்தில் இரண்டு வகைக் கூம்பு மரங்கள் கலந்து உருவானது. ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரை வளரும். செல்வர் தோட்டத்தில் பிறந்த அந்த மரம் பிறகு நடுத்தர வீடுகளின் பின்கட்டுக்குப் பரவியது. இன்று பெரிய வீட்டார் அதைத் தொட மாட்டார்கள். வெள்ளை முள்ளும் காட்டு மேப்பிளும் கலந்து, கையால் பின்னிய உயிர்வேலிதான் அவர்களுக்கு வேலி. ஒரு வீட்டின் வேலியைப் பார்த்தே வீட்டாரின் தலைமுறையைச் சொல்லிவிடும் மூதாட்டி ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார்.

9 மார்ச்

தோட்டம் என்றதும் இதையும் சொல்லத் தோன்றுகிறது. 1927இல் மாவட்டச் செவிலியருக்கு நிதி திரட்டுவதற்காகத் தனியார் தோட்டங்களைத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடும் திட்டம் தொடங்கியது. அவ்வாண்டு 609 தோட்டங்கள் திறந்தன. 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இன்றும் நடக்கிறது, மருத்துவ அறப்பணிகளுக்குப் பெரும் பணம் தருகிறது. திறக்கும் தோட்டங்களைத் தொகுத்து வெளியிடும் மஞ்சள் அட்டைப் புத்தகத்தில் இடம்பெறுவது கிராமத்தில் ஒரு தகுதி.

களஞ்சிய வீட்டார் வந்த சிறிது காலத்திலேயே வடிவமைப்பாளர் ஒருவரை அமர்த்தித் தோட்டம் போட்டார்கள். வழக்கறிஞரின் துணைவியார் பல ஆண்டுகளாகத் தம் கையால் மண் கிளறி வளர்த்த தோட்டம் அடுத்த வளைவில். இரண்டு வீடும் ஒரே ஞாயிற்றுக்கிழமையைத் திறப்புநாளாகக் கேட்டன. கூட்டத்தில் அந்த அம்மையார் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மறக்கவில்லை: "அங்கே செடிகள் இருக்கின்றன, தோட்டக்காரர் இல்லை." அப்போது அதைச் செருக்காக மட்டுமே கேட்டேன். இப்போது நினைத்தால், அதில் உண்மையான துயரமும் இருந்தது. நாற்பது ஆண்டு உழைப்புக்கு ஈடானது ஒரே கோடையில் லாரியில் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. தம் உழைப்பைக் காலத்தில் சேமித்து வைத்தவருக்கு, காலத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம் என்று எவரேனும் காட்டுவது தாங்க முடியாதது.

இங்கேதான் இந்தப் போட்டியின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணத்தில் தோற்பவர்கள் பழமையை அளவுகோலாக்குகிறார்கள். பணமுள்ளவர் பழமையின் அடையாளங்களை வாங்கத் தொடங்கியதும் அளவுகோல் மீண்டும் மாறுகிறது. ஒரு காலத்தில் நாய்களோடு நரிவேட்டைக்குப் போவது தகுதி. 2005இல் அது தடைசெய்யப்பட்ட பிறகு, தன் வயலில் வேட்டைக் கூட்டத்தின் குதிரைகளை அனுமதிப்பதா வேண்டாமா என்பது தகுதிப் பிரச்சினையாயிற்று. இன்று மேய்ச்சல் நிலத்தைக் காடாக விடுவதும் இயற்கை உரமும் பேசப்படுகின்றன.

23 மார்ச்

முதல் கேள்விக்கு இப்போதுதான் முழுமையாகப் பதில் சொல்லத் துணிகிறேன். வர்க்கம் என்பது இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே என்றீர்கள். செல்வருக்கிடையிலான இந்தப் போட்டியின் செலவை எப்போதும் இல்லாதவரே ஏற்றிருக்கிறார்கள். ஆகையால் இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கூடாது.

நியூனம் கோர்ட்னியைச் சொன்னேன். 1760களில் முதலாம் ஹார்கோர்ட் ஏர்ல், தம் புதிய மாளிகையின் காட்சிக்கு இடையூறாக இருந்த பழைய கிராமத்தை அகற்றி, மக்களைச் சாலையோரத்தில் கட்டிய ஒரே மாதிரியான வீடுகளுக்கு மாற்றினார். டார்செட்டில் மில்டன் பிரபு ஒரு சந்தை ஊரையே அப்புறப்படுத்தி மில்டன் அப்பாஸ் என்ற புதிய கிராமத்தைக் கட்டினார். வெளியேற மறுத்த வழக்கறிஞர் ஒருவரின் வீட்டுக்குள் பிரபு மதகைத் திறந்து தண்ணீர் விட்டதாக அங்கே சொல்வார்கள். அந்த ஓலைக்கூரை வீடுகளைச் சுற்றுலாப் பயணிகள் இன்று அழகு என்று படம் பிடிக்கிறார்கள். எந்த விருந்தினரின் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே வாழ்ந்தவர்கள் பெயர்க்கப்பட்டார்கள் என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை.

இன்று யாரும் தண்ணீர் திறந்துவிடுவதில்லை. வீட்டின் விலையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பள்ளியின் சமையலரும், முதியோரைக் கவனிக்கும் பெண்களும், வழக்கறிஞர் வீட்டுப் புல்வெளியை வெட்டுபவரும் வெளியூரிலிருந்து வண்டியோட்டி வருகிறார்கள். அவர்களில் சிலருடைய பாட்டனார் பெயர் எங்கள் இடுகாட்டுப் பதிவேட்டில் இருக்கிறது. ஊரில் இரவில் விளக்கெரியாத வீடுகள் இருக்கின்றன. 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு உள்ளூர் வரியை இருமடங்காக வாங்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் வருகிறது. அது நல்லதுதான், ஆனால் இருமடங்கு வரி இந்தச் செல்வர்களை அசைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

30 மார்ச்

எங்கள் ஊரில் குறைந்த வாடகை வீடுகள் சில கட்டும் திட்டம் வந்திருக்கிறது. வழக்கமாகக் கட்டட அனுமதி கிடைக்காத கிராம எல்லை நிலத்தில், உள்ளூர்த் தொடர்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு விதிவிலக்காக அனுமதிக்கப்படும் வகை அது. நிலம் பெரிய வீட்டாருடையது. சந்தை விலையில் சிறு பங்குதான் அவருக்குக் கிடைக்கும். கூரைக்குப் பணம் வேண்டும் என்பதும் உண்மை. ஊருக்குத் தாம் கடமைப்பட்டவர் என்று அவர் நம்புவதும் உண்மை.

அன்றைக்குக் கோப்பில் சேர்க்க வந்த எதிர்ப்புக் கடிதங்களில் ஒன்றின் அடியில் போதகர் இல்லத்தாரும் களஞ்சிய வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தார்கள். கண்ணாடிச் சுவர் தொடங்கித் திறப்புநாள் வரை எதிலும் ஒத்துப்போகாதவர்கள். காரணங்களாக வௌவாலும் இரவு வெளிச்சமும் சாலை நெரிசலும் எழுதப்பட்டிருந்தன. முன்பு வழக்கறிஞர் களஞ்சிய வீட்டுக்கு எதிராக எழுதிய பத்திகளில் ஒன்று அநேகமாகச் சொல் மாறாமல் அதில் இருந்தது.

கூட்டத்தில் முதியோரைக் கவனிக்கும் பெண் ஒருவர் பேசினார். தாம் இரவுப் பணிக்கு வரும் வீடு எதிர்ப்பாளர் ஒருவருடையது என்பதை அவர் சொல்லவில்லை. எங்களில் பலருக்குத் தெரியும். வாக்கெடுப்பில் திட்டத்தை ஆதரிப்பதென்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவாயிற்று. எழுத்தருக்கு வாக்கு கிடையாது. இருந்திருந்தால் எந்தப் பக்கம் போட்டிருப்பேன் என்பதை இதுவரை படித்தவர்கள் அறிவார்கள்.

6 ஏப்ரல்

மாவட்டத் திட்டக்குழு அடுத்த மாதம் இதை எடுத்துக்கொள்கிறது. எதிர்ப்பாளர்கள் தனியாக ஆலோசகர் ஒருவரை அமர்த்தியிருக்கிறார்கள். செலவை இரண்டு வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. எங்கள் தரப்பில், பள்ளியில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவருவதையும், வெளியூரிலிருந்து வந்து ஊர் வேலை செய்பவர்களின் விவரத்தையும் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். இதுபோன்ற கிராமங்களில் வசிப்பவர்களோ, வேலைக்குச் சென்றுவருபவர்களோ உங்களில் இருந்தால், அங்கே இத்தகைய வீடுகள் கட்டப்பட்டனவா, கட்டப்பட்ட பிறகு எதிர்த்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள். திட்டக்குழுவின் முன் பேசப்போகும் உறுப்பினருக்கு அது உதவும்.